கை தூக்கினால் தூக்கினதுதான்

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் தேக்கா சந்தையில் பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், மீதிப் பேர் அவரிடமே போய்ச் சொல்லிவிடுவார்கள். இதை நான் பயத்தால் சொல்லவில்லை. இந்த வயதுக்கு மேல் நான் யாருக்குப் பயப்பட? ஆத்திரம் நிறைய இருக்கிறது. ஆனாலும் நாற்பது வருஷமாக ‘அக்கா’ என்று மட்டுமே கூப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லித் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆள் குள்ளம். ஐந்தடிகூட இருக்க மாட்டார். தோளில் மாட்டியிருக்கும் பைதான் அவரைவிடப் பெரிதாகத் தெரியும். நெற்றியில் ஐம்பது காசு அளவுக்குக் குங்குமம். தோ பாயோ வட்டாரத்தில் நான் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த மின்னணுத் தொழிற்சாலையில் அவர் லைன் லீடர். ஒலிப்பதிவுக் கருவிக்கு உள்ளே போகும் சின்னச் சின்ன பாகங்களை வரிசையாக உட்கார்ந்து பொருத்துவோம். எங்கள் வரிசைக்கு அவர்தான் தலைவி.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் யாரும் தனியாக முடிவு செய்யக்கூடாது. கேன்டீனில் என்ன வாங்குவது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் ஓட்டு. “வேணும்கிறவங்க கை தூக்குங்க” என்பார். நாங்கள் ஐந்து பேர்தான் இருப்போம். இருந்தாலும் விரலை நீட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு தலையாக எண்ணுவார். எண்ணி முடித்ததும், “கை தூக்கினா தூக்கினதுதான். அப்புறம் யாரும் மாத்திப் பேசக்கூடாது” என்று தீர்ப்பு. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் மாற்றிப் பேசியதில்லை.

எங்கள் வரிசைக்கு நேர் மேலே குளிர்காற்று வரும் துவாரம் இருந்தது. விரல் விறைத்துப் போகும். சூப்பர்வைசரிடம் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சொன்னோம். “நீ மட்டும்தான் கம்ப்ளெய்ன் பண்றே” என்று ஒவ்வொருத்தியிடமும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார் அந்த மனிதர். அக்கா மத்தியானச் சாப்பாட்டின்போது ஓட்டு எடுத்தார். மறுநாள் நாங்கள் எல்லாரும் வீட்டிலிருந்து போர்வையைக் கொண்டுபோய், தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்தோம். பக்கத்து வரிசைச் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த நாள் அவர்களும் போர்வையோடு வந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரையோ சுற்றிக்காட்ட வந்த மேனேஜர் அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் குளிர் குறைந்துவிட்டது.

“பாத்தியா புள்ள,” என்றார் அக்கா என்னிடம். “ஒத்தையா போய் நின்னா ஒத்தையா திட்டு வாங்கணும். சேந்து நின்னா அவன் யாரைத் திட்டுவான்?”

அன்றிலிருந்து நான் அக்காவின் ஆள். அவர் கிணற்றில் குதி என்றால், மற்றவர்களும் குதிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுக் குதித்திருப்பேன்.

இன்னொரு சம்பவமும் உண்டு. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் ஓவர்டைம் வரச் சொன்னார்கள். வர மாட்டோம் என்று கை தூக்கினோம். எங்களில் ஒருத்தி மட்டும் போய்விட்டாள். புருஷனுக்கு வேலை போயிருந்த நேரம் அவளுக்கு. தீபாவளி முடிந்து வந்ததும் அக்கா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. “அவகூட யாரும் உக்காந்து சாப்பிட வேணாம்” என்றார், அதற்கும் ஓட்டு எடுத்தார். அந்தப் பெண் கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். சில மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். சொன்ன சொல்லை மீறினால் இதுதான் என்று அக்காவின் நியாயம் எங்கள் எல்லாருக்கும் புரிந்துபோனது. எனக்கு ரொம்ப நன்றாகப் புரிந்தது.

ஆனால் அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் கணவர் இறந்தபோது, கருமாதி வரைக்கும் என் வீட்டு அடுப்பு எரியவில்லை. நான் இருக்கும் ஈசூன் அவருக்குப் பக்கமா? தோ பாயோவிலிருந்து ரயில் பிடித்து, அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் அவர் வருவார், ஒரு நாள் சரோஜா, ஒரு நாள் பாக்கியம். முறை போட்டுக் கொடுத்தது அக்கா. வந்தால் நான் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “ரசம் ஊத்திக்க” என்பார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள் மாலதிக்குத் தலை பின்னிவிடுவார். என் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்யவில்லை.

தொழிற்சாலை மூடி வேறு நாட்டுக்குப் போன பிறகும் நாங்கள் நான்கு பேர், அக்கா, சரோஜா, பாக்கியம், நான், விட்டுப்போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தேக்கா உணவங்காடியில் கூடுவோம். அக்கா முன்னாலேயே வந்து நான்கு நாற்காலியிலும் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்திருப்பார். ஆடாத மேசையாக இருக்க வேண்டும், கையால் அழுத்திப் பார்த்துத்தான் உட்காருவார். எல்லாருடைய தட்டும் வரும்வரை யாரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது. பாக்கியத்துக்கு எப்போதும் வரிசை நீளமாக இருக்கும் கடையில்தான் ஆசை வரும். அவள் தட்டோடு வந்து சேர்வதற்குள் எங்கள் தோசை அட்டையாகிவிடும். நான் இத்தனை வருஷத்தில் தேக்காவில் சூடான தோசை சாப்பிட்டதே கிடையாது.

சரோஜா மகன் கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்றும் ஓட்டு நடந்தது. கிளிப்பச்சை வென்றது. நால்வரும் அதே நிறத்தில் நின்று எடுத்த புகைப்படம் இருக்கிறது. ஒருத்திக்காவது பொருந்த வேண்டுமே. மாலதி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நாங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில்தான் அந்தக் காப்புறுதி வந்தது. அரசாங்கத்தின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி. இளையவர்கள் எல்லாரும் தானாகவே சேர்க்கப்படுவார்கள். எங்களைப் போல வயதானவர்கள் விரும்பினால் சேரலாம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு காரியம். இதில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாமல் போனால், உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை தருவார்கள். ஆனால் நன்றாக இருக்கும்போதே சேர்ந்துவிட வேண்டும். விழுந்த பிறகு சேர முடியாது.

மாலதி படித்துச் சொன்னாள். அவள் பாலர்பள்ளி ஆசிரியை. எதையும் எனக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வாள்.

“மா, டென் மினிட்ஸ் வேலைதான். போன்லயே போட்டுரலாம். மெடிசேவ்ல இருக்கிற உங்க மருத்துவச் சேமிப்புலேர்ந்து கழிச்சுக்குவாங்க. உங்களுக்கு சுகர் வேற இருக்கு.”

“ஞாயித்துக்கெழம அக்காவக் கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

“அக்காவுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? இருபது வருஷம் முன்னால் இதேபோல் ஒன்று வந்தபோதும், வேண்டாம் என்று எல்லாருமாக எழுதி, ஒன்றாகப் போய்த் தபாலில் போட்டவர்கள் நாங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தது நான்தான். பாக்கியத்துக்கு அப்போதுதான் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மூணு காரியம் செய்ய முடியாம கெடந்தாத்தான் காசாம். நம்ம அப்படியா கெடக்கப் போறோம்? அதுல சேர்றதே, நான் விழப் போறேன்னு எழுதிக் குடுக்கிற மாதிரி. இந்தப் பேச்செல்லாம் வாயில வெக்காதீங்க லா.” பாக்கியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வேணாம்கிறவங்க கை தூக்குங்க” என்றார். சொல்லும்போதே தன் கையைத் தூக்கிவிட்டார்.

சரோஜா தூக்கினாள். பாக்கியம் தூக்கினாள். எனக்கு மாலதியின் முகம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தயங்கினேன். அக்கா என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, காத்திருந்தார். பாக்கியத்தின் தட்டு வரக் காத்திருப்பதுபோல அத்தனை பொறுமையாகக் காத்திருந்தார். நானும் தூக்கினேன். விரலை நீட்டி எண்ணினார். “நாலு” என்றார். “கை தூக்கினா தூக்கினதுதான்.”

வீட்டுக்கு வந்து மாலதியிடம் சொன்னேன். “உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்களா வந்து பாப்பாங்க?” என்றாள். “பாப்பாங்க” என்றேன். அடுக்குப் பாத்திரத்தோடு ரயிலேறி வந்தவர்கள் பார்க்காமல் போவார்களா? எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகும் அவள் இரண்டு மூன்று முறை கேட்டாள். சொன்ன சொல் மாற மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு விடியற்காலையில் குளியலறையில் விழுந்தேன். பக்கவாதம். வலப்பக்கம் போய்விட்டது. மருத்துவமனையில் சமூக சேவை அதிகாரி ஒரு பெண், தங்கமானவள், பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தக் காப்புறுதியில் சேர்ந்திருக்கிறீர்களா? இல்லை. இனிமேல் சேர வழி இல்லை, வேறு என்னென்ன உதவி கிடைக்கும் என்று பார்க்கிறேன் என்றாள். சொன்னபடி பார்த்தும் தந்தாள். ஆனால் முழுநேரமும் ஓர் ஆளை வைத்துக்கொள்ள அது காணாது. மாலதி வேலையை விட்டாள். கிண்டல் செய்யும் என் மகள் ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலர்பள்ளியில் பிள்ளைகள் வரைந்து கொடுத்த வழியனுப்புப் படங்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள். என்னைக் குளிப்பாட்டினாள், உடுத்திவிட்டாள், தூக்கி உட்காரவைத்தாள். நானாகச் செய்வது சாப்பிடுவது ஒன்றுதான். அதுவும் இடக்கையால். முதல் நாள் இடக்கையால் சோற்றை எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா பார்க்க வந்தார். ரசம் கொண்டுவந்தார். மாலதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தலைமுடியைக் கோதிவிட்டார். எனக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. அப்புறம் கேட்டார்.

“ஆமா, காசு வர ஆரம்பிச்சிருச்சா?”

“எந்தக் காசுக்கா?”

“அதான் அந்த இன்சூரன்சு. உன் நெலமைக்குக் கண்டிப்பா குடுப்பாங்களே.”

எனக்கு நாக்கு சரியாகப் புரளாது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். “நான்… சேரலயேக்கா.”

தலையைக் கோதிய கை நின்றது. “நெசமாவே சேரலயா நீ?”

“கை… தூக்கினோமே.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. புத்தி சுவாதீனம் இல்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அடி பைத்தியமே. அன்னிக்குப் பாக்கியம் பயந்துபோயி உக்காந்திருந்தா. அவ முன்னாடி போயி விழறது படுக்கிறதுன்னு பேசுவாங்களா? அவளுக்காகத் தூக்கினது. அப்புறம் எல்லாருந்தான் சேந்துட்டாங்களே. சரோஜாவுக்கு மகன் போட்டான், பாக்கியத்துக்கும் அவனே போட்டுட்டான்.”

“நீங்க?”

என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். “எனக்கு என் மருமக அதுக்கு முந்தியே போட்டிருந்தா.”

அதற்கு முந்தியே! அப்படியென்றால் கையைத் தூக்கும்போதே அவர் உள்ளே சேர்ந்தாகிவிட்டது. “எனக்கு ஏன்… சொல்லல?” என்றேன்.

“உன் மக படிச்ச புள்ள. உனக்கு நாங்க வந்து சொல்லணுமா? அவ போட்டிருப்பான்னுதானே நெனச்சோம்.”

‘நெனச்சோம்’ என்றார். அப்படியானால் மூன்று பேரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை முதல் ஞாயிறு ஒன்றாக உட்கார்ந்து ஆறிய தோசை தின்றோம். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. எழுந்து போக முடிந்தால் போயிருப்பேன். படுத்த இடத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன், என்னால் முடிந்தது அதுதான்.

அன்று சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டார். மாலதி ஒலிபெருக்கியைப் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

“புள்ள, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ சேரலங்கிறது அவளுங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பாக்கியம் தன்னாலதான்னு ஒடஞ்சி போயிருவா. கேட்டா சேந்துட்டேன்னு சொல்லிரு. சரியா?”

பாக்கியத்துக்காக என்றார். யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நாற்பது வருஷப் பழக்கம் எங்கே போகும். “சரிக்கா” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். ஆரஞ்சுப் பழம், பிஸ்கட் டின், கோயில் விபூதி. மாலதி தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு என் ஈரத்துணியை மாற்றினாள். அவள் கூடையோடு உள்ளே போனதும் சரோஜா ஆரம்பித்தாள்.

“நான் ஒண்ணு கேப்பேன், கோச்சுக்காதே. மாசாமாசம் காசு வருதுல்ல? ஒரு பணிப்பெண்ண வெச்சுக்கிட்டா என்ன? பாவம் மாலதி, நல்ல வேலை. அத விட வெச்சிட்டு அந்தக் காச என்னடி பண்றே, பூட்டி வெக்கிறியா?”

“ஆமா,” என்றாள் பாக்கியம். “பெத்த புள்ள தலையில இப்படியா ஏத்துவாங்க? உன்ன நான் இப்படி நெனக்கல.”

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று பார்த்தேன். நிஜமாகவே நம்பினேன். அவர் மடியில் டிஷ்யூவை விரித்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “விடுங்க, அவங்கவங்க குடும்ப விஷயம்” என்றார்.

குடும்ப விஷயமாம்! சேலை நிறத்துக்கு ஓட்டு எடுத்தவருக்கு இது குடும்ப விஷயம். மகள் சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையை வேலைக்காரியாக்கிய கஞ்சப் பேய் என்று என்னை நினைக்க விட்டுவிட்டு, சுளையில் நார் உரிக்கிறார் அக்கா.

“நான் சேரல,” என்றேன். இந்த முறை நாக்கு தடுக்கவில்லை. “அக்காவுக்குத் தெரியும்.”

பாக்கியம் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். சரோஜா அக்காவைப் பார்த்தாள், உடனே பார்வையை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஏன்டி சேரல?” என்று கேட்டாள் என்னை. “உனக்கு என்ன கேடு?”

“அத்தன பேரு சேந்தோமே,” என்றாள் பாக்கியம். “உனக்கு மட்டும் ஏன் தோணல?”

அக்காவை ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன்.

“அக்கா, நீங்க முன்னாடியே சேந்துட்டு… அன்னிக்கு ஏன் கை தூக்கினீங்க?”

அக்கா என்னை நேராகப் பார்த்தார். பொய் சொல்கிற முகமே இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

“எல்லாரும் தூக்கினாங்கல்ல, புள்ள.”

பக்கவாதம் வந்தபோதுகூட எனக்கு இப்படி உடம்பு முழுக்க விட்டுப்போனதாகத் தோன்றவில்லை. இத்தனை காலம் நான் யாருக்குப் பின்னால் நடந்தேன்? எனக்கு முன்னால் ஒருவர் நடந்தார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

“நீங்க போங்கக்கா,” என்றேன்.

அக்கா உரித்த சுளைகளைத் தட்டில் வைத்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் சரோஜா எழுந்தாள். பாக்கியமும் எழுந்தாள். மூவரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் போனார்கள்.

சரோஜாவையும் பாக்கியத்தையும் நான் போகச் சொல்லவில்லை.